மங்கலச் சொல்லும் மறைக்கும் சொல்லும்: அரசியல் பூச்சுச்சொற்கள், ஓர் எளிய விளக்கம்

இறந்தவரைச் 'செத்தார்' என்று சொல்லாமல் 'காலமானார்' என்றும் 'இயற்கை எய்தினார்' என்றும் சொல்கிறோம். இவ்வாறு ஒன்றை அதன் நேர்ப்பெயரால் சுட்டாமல் வேறு தகுந்த சொல்லால் சுட்டுவதைத் தமிழ் இலக்கணம் 'தகுதி வழக்கு' என்கிறது. நன்னூல் அதை மூன்றாகப் பிரிக்கிறது. பலர் முன் சொல்லக் கூசுவதை வேறு வாய்பாட்டால் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமான சொல்லால் சொல்வது மங்கலம். ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள்.

இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனித்தால், அரசியலில் புழங்கும் மென்மையான சொற்கள் எப்படி ஏமாற்றுகின்றன என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். முதல் இரண்டிலும் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உண்மை தெரியும். 'காலமானார்' என்று கேட்ட எவரும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைப்பதில்லை. துயரத்தின் கூர்மையைக் குறைப்பதே அந்தச் சொல்லின் வேலை. குழூஉக்குறியின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. எதிரே நிற்பவருக்குப் பொருள் விளங்கக்கூடாது என்பதற்காகவே அது உருவாகிறது. அரசுகளும் ராணுவங்களும் கட்சிகளும் தங்களுக்குச் சங்கடமான செயல்களுக்குச் சூட்டும் இனிய பெயர்கள் மங்கல வழக்கைப் போலத் தோற்றமளித்துக்கொண்டு குழூஉக்குறியின் வேலையைச் செய்கின்றன. பூசி மெழுகுவதற்காகவே பிறந்த இத்தகைய சொற்களை இக்கட்டுரையில் 'பூச்சுச்சொற்கள்' என்று அழைக்கிறேன்.

எல்லாப் பூச்சுச்சொற்களும் ஒரே அளவுக்கு ஏமாற்றுவதில்லை. பணம் தொடர்பானவை பெரும்பாலும் விரைவில் வெளுத்துவிடும். கட்டணத்தை உயர்த்தும்போது 'கட்டண மாற்றியமைப்பு' என்று அறிவிக்கிறார்கள், ஆனால் அடுத்த மாதம் கூடுதலாகப் பணம் கட்டுகிறவருக்கு எது மாறியது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் புஷ் 1988 தேர்தலில் புதிய வரிகள் விதிக்க மாட்டேன் என்று உறுதியளித்து வென்றார். 1990 ஜூனில் அவர் வெளியிட்ட அறிக்கையில் 'வரி வருவாய் அதிகரிப்புகள்' தேவை என்ற சொற்றொடர் இடம்பெற்றது. வரியை உயர்த்துவது என்ற செயலை வருவாய் தானாக வளர்வது போன்ற நிகழ்வாக அந்தத் தொடர் மாற்றிக் காட்டியது. எனினும் அது ஒருநாள்கூடத் தாங்கவில்லை. பத்திரிகைகள் உடனே அதை வரி உயர்வு என்றே எழுதின, 1992 தேர்தலில் அவருடைய உடைந்த வாக்குறுதி எதிரணியினரின் ஆயுதமாயிற்று. இந்தியாவில் பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளை விற்பதற்கு 'முதலீட்டு விலக்கல்' என்ற பெயர் 1990களில் நிலைபெற்றது. அதைக் கவனிக்கும் துறையின் பெயர் 2016இல் 'முதலீடு மற்றும் பொதுச் சொத்து மேலாண்மைத் துறை' என்று மாறியது. விற்பனை சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் விற்கும் வேலையைச் செய்யும் ஒரு துறையின் பெயரில் விற்பனையும் இல்லை, விலக்கலும் இல்லை, முதலீடு மட்டும் இருக்கிறது என்பதைக் குடிமக்கள் கவனிப்பது நல்லது.

இவற்றைவிட ஆபத்தானவை வாசகர் நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாத இடங்களைப் பற்றிய சொற்கள். சிறைக்கொட்டடியில், எல்லைக்கு அப்பால், முள்வேலிக்குப் பின்னால் நடப்பதை நாம் சொல்லின் வழியாக மட்டுமே அறிகிறோம். அங்கே சொல்லைக் கைப்பற்றியவர் ஏறத்தாழ உண்மையையே கைப்பற்றிவிடுகிறார்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ தன் காவலில் இருந்தவர்களிடம் பயன்படுத்திய முறைகளுக்கு 'மேம்படுத்தப்பட்ட விசாரணை உத்திகள்' என்று பெயர். அந்த உத்திகளுள் ஒன்று இப்படி நடந்தது: ஒரு மனிதரைச் சாய்வான பலகையில் தலை தாழ்வாக இருக்கும்படி கட்டிப் படுக்கவைத்து, வாயையும் மூக்கையும் துணியால் மூடி, அந்தத் துணியின்மேல் தொடர்ந்து தண்ணீர் ஊற்றுவார்கள். மூச்சு அடைபட்டு, நீரில் மூழ்கிச் சாகிறோம் என்ற உணர்வு உடல் முழுவதும் பரவும். அபு ஸுபைதா என்ற கைதிக்கு 2002 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 83 முறை இவ்வாறு செய்யப்பட்டது. இந்த வாக்கியங்களைப் படித்த பிறகு 'மேம்படுத்தப்பட்ட' என்ற சொல்லைத் திரும்பப் பாருங்கள். தரம் உயர்ந்தது, முன்னேறியது, அறிவியல் முறைப்படி அமைந்தது என்ற எண்ணங்களை அது கொண்டுவருகிறது. மூச்சுத் திணறும் மனிதர் அதில் எங்கும் இல்லை.

அந்தப் பெயர் காதுக்கு இதமாக இருப்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. அமெரிக்கச் சட்டப்படி சித்திரவதை குற்றம், அதற்கு 20 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எனவே 2002 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க நீதி அமைச்சகத்தின் அதிகாரிகள் எழுதிக்கொடுத்த குறிப்பு, உறுப்பு செயலிழப்பு அல்லது மரணம் போன்ற கடும் உடற்காயத்தோடு வரும் வலிக்கு நிகரான வலி இருந்தால்தான் அது சித்திரவதை என்று வரையறுத்தது. பெயரை மாற்றியதும் குற்றம் நடைமுறையாகிவிட்டது. பல செய்தி நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் 'கடுமையான விசாரணை முறைகள்' என்றே எழுதிவந்தன. தி நியூயார்க் டைம்ஸ் 2014 ஆகஸ்டில்தான் இனிச் சித்திரவதை என்றே எழுதுவோம் என்று அறிவித்தது. 1937இல் நாஜி ஜெர்மனியின் ரகசியக் காவல்துறையும் தன் முறைகளுக்குத் 'தீவிரப்படுத்தப்பட்ட விசாரணை' என்றே பெயரிட்டிருந்தது. இதனால் இரண்டு அரசுகளும் ஒன்றாகிவிடா. ஆனால் எழுத்தில் பதிய முடியாத ஒரு செயலை எழுத்தில் பதிய வேண்டிய தேவை வரும்போது, எந்த நாட்டு அலுவலகமும் ஒரே மாதிரியான சொல்லிடம் போய்ச் சேர்கிறது.

பெயரும் கடமையும்

சொல்லை மாற்றுவதால் பொறுப்பு மாறுகிறது என்ற இந்தக் கருத்தைத்தான் புதிதாகப் படிப்பவர்கள் முதலில் பற்றிக்கொள்ள வேண்டும். பூச்சுச்சொல்லை வெறும் நாகரிகப் பேச்சு என்று எண்ணுவோர் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். ஒரு செயலுக்கு அதன் உண்மையான பெயர் வந்துவிட்டால், அந்தப் பெயரோடு சேர்ந்து சட்டங்களும் உடன்படிக்கைகளும் செலவுகளும் வருகின்றன.

'போர்' என்ற சொல்லைப் போல் அரசுகள் அஞ்சி ஒதுக்கிய சொல் வேறில்லை. 1937இல் சீனாவுக்குள் பெரும்படையோடு நுழைந்த ஜப்பான் அதைச் 'சீன நிகழ்வு' என்று அழைத்தது. போர் என்று அறிவித்தால் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டங்கள் செயலுக்கு வந்து, தனக்கு வேண்டிய பொருள்களின் வரத்து தடைபடும் என்பது அதற்கொரு முக்கியக் காரணம். மலாயாவில் 1948 முதல் 1960 வரை பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடத்திய போருக்கு 'அவசரகாலம்' என்று பெயர். போர் என்று அழைத்தால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஏற்படும் சேதத்துக்கு லண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தராது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கொரியாவில் போர் மூண்ட சில நாட்களில், 1950 ஜூன் 29 அன்று, இதை ஐ.நா.வின் கீழான 'காவல் நடவடிக்கை' என்று சொல்லலாமா என்று ஒரு செய்தியாளர் கேட்க, அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆம் என்றார். 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும் லட்சக்கணக்கான கொரியர்களும் உயிரிழந்த அந்தப் போருக்கு அமெரிக்க நாடாளுமன்றம் போர் அறிவிப்பு எதையும் செய்யவில்லை. அந்தப் பூச்சுச்சொல்லை எடுத்துக்கொடுத்தவர் ஒரு செய்தியாளர் என்பதையும் கவனிக்க வேண்டும். அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை நடந்ததைப் பிரான்ஸ் 'நிகழ்வுகள்' என்றும் 'ஒழுங்கைப் பேணும் நடவடிக்கைகள்' என்றும் குறிப்பிட்டது. அது போர்தான் என்று பிரெஞ்சுச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1999 அக்டோபரில்.

இந்த வழக்கத்தை உலகம் அறியாமல் இல்லை. 1949இல் எழுதப்பட்ட நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளின் 2ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட போருக்கு மட்டுமன்றி, நாடுகளுக்கிடையில் எழும் எந்த ஆயுத மோதலுக்கும், சம்பந்தப்பட்ட ஒரு தரப்பு அதைப் போர்நிலை என்று ஏற்காவிட்டாலும், இவ்விதிகள் பொருந்தும் என்கிறது. பெயரை மாற்றிவைத்துக் கைதிகளையும் பொதுமக்களையும் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளும் தந்திரத்தைக் கண்டிருந்தவர்கள் எழுதிய பிரிவு அது. என் பார்வையில், பூச்சுச்சொற்களுக்கு எதிராக மனிதர் எழுதிய வாசகங்களில் மிகச் சிறந்தது இதுவே. என்ன பெயர் சொல்கிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, தரையில் என்ன நடக்கிறது என்று அது கேட்கிறது.

ஆயினும் பழக்கம் நிற்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் படைகளை அனுப்பிய ரஷ்யா அதைச் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றது. மார்ச் 4 அன்று, ராணுவத்தைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்புவோருக்கு 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் வந்தது. மாஸ்கோவின் ஒரு வட்டார மன்றக் கூட்டத்தில் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டி பற்றிப் பேச்சு எழுந்தபோது, உக்ரைனில் குழந்தைகள் இறந்துகொண்டிருக்கையில் இதை எப்படி நடத்துவது என்று கேட்டு, நடப்பது போர் என்றும் சொன்ன உறுப்பினர் அலெக்சேய் கொரினோவுக்கு அந்த ஆண்டு ஜூலையில் 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மற்ற நாடுகளில் பூச்சுச்சொல் வற்புறுத்திப் புழக்கத்துக்கு வந்தது, இங்கே அதை மறுப்பதே குற்றமாயிற்று.

சொல்லாமல் விட்ட ஒரு பெயர் எத்தனை உயிர்களோடு தொடர்புடையது என்பதற்கு ருவாண்டாவை நினைக்க வேண்டும். 1994 ஏப்ரல் முதல் ஏறத்தாழ 100 நாட்களில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், அங்கே கொல்லப்பட்டார்கள். இனப்படுகொலையைத் தடுக்கவும் தண்டிக்கவும் நாடுகள் கடமைப்பட்டவை என்று 1948 உடன்படிக்கை கூறுகிறது. மே 1 தேதியிட்ட அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக் குறிப்பொன்று, இனப்படுகொலை என்று முடிவுசெய்தால் அரசு உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டிய நிலை வரலாம், ஆகவே கவனமாக இருங்கள் என்று எச்சரித்தது. ஜூன் 10 அன்று வெளியுறவுத் துறையின் செய்தித் தொடர்பாளர் 'இனப்படுகொலைச் செயல்கள்' நடந்திருக்கின்றன என்று சொன்னார், 'இனப்படுகொலை' என்று சொல்லவில்லை. எத்தனை இனப்படுகொலைச் செயல்கள் சேர்ந்தால் ஓர் இனப்படுகொலை ஆகும் என்று ஒரு செய்தியாளர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் தான் இல்லை என்றே தொடர்பாளரால் சொல்ல முடிந்தது. அங்கே பொய் என்று எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லும் சரிபார்க்கப்பட்டது. ஆனால் கேட்பவர் மனத்தில் எழ வேண்டிய முடிவு எழாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது.

இலங்கையின் இறுதிப் போரையும் இங்கே சொல்ல வேண்டும். அரசு அதற்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயரிட்டது. அந்த இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுத்துவிட முடியாது என்று ஐ.நா. நியமித்த வல்லுநர் குழு 2011இல் எழுதியது. தப்பி வந்த ஏறத்தாழ 3 லட்சம் தமிழர் முள்வேலியால் சூழப்பட்ட முகாம்களில் அடைக்கப்பட்டு, பல மாதங்கள் வெளியேற அனுமதியின்றி வைக்கப்பட்டார்கள். அவற்றுள் பெரியது மாணிக் பண்ணை. அந்த முகாம்களுக்கு அரசு சூட்டிய பெயர் 'நலன்புரிக் கிராமங்கள்'. கிராமம் என்றால் வந்துபோக வழியிருக்கும். நலன் என்றால் அதைப் பெறுபவர் வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் இருக்கும். இரண்டும் இல்லாத ஓரிடத்துக்கு அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சூட்டியிருந்தார்கள்.

பூச்சு தேய்ந்தபின்

பூச்சுச்சொற்களுக்கு ஆயுள் குறைவு. புழங்கப் புழங்க, மறைக்க வந்த பொருளின் நிறமே அவற்றில் ஏறிவிடும். யூதர்களைக் கொல்வதற்கு நாஜிகள் தம் ஆவணங்களில் 'சிறப்பு நடத்துகை' என்று எழுதினார்கள். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே பகுதியில் 15 அதிகாரிகள் கூடிய கூட்டத்தின் குறிப்பேட்டில் 'கிழக்கு நோக்கிய வெளியேற்றம்' என்ற தொடர் இருக்கிறது. 1943இல் கோர்ஹெர் என்ற புள்ளியியலாளர் தயாரித்த அறிக்கையில் 'சிறப்பு நடத்துகை' என்ற சொல் வந்தபோது, நாஜிகளின் எஸ்எஸ் படைத்தலைவர் ஹிம்லர் அதையும் நீக்கச் சொல்லி, 'முகாம்கள் வழியாக அனுப்பப்பட்டவர்கள்' என்று மாற்றவைத்தார். பூச்சுக்கே ஒரு பூச்சு தேவைப்பட்டது, ஏனெனில் முதல் சொல்லின் பொருள் அதற்குள் வெளியே தெரிந்துவிட்டது.

ஆனால் பொருள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் பூச்சுச்சொல் செயலிழந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. இந்தியாவில் 'என்கவுன்ட்டர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எதிர்பாராமல் எதிர்ப்படுதல் என்பதே அதன் பொருள். காவல்துறையும் ஒரு குற்றவாளியும் தற்செயலாக எதிர்ப்பட்டு, அவர் சுட, தற்காப்புக்காக இவர்கள் சுட்டார்கள் என்ற முழுக்கதையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று அந்தக் கதையைப் பலர் நம்புவதில்லை. 'அவனை என்கவுன்ட்டர் பண்ணணும்' என்று வெளிப்படையாகக் கோருகிறார்கள். தற்செயலாக நேர்வதை யாரும் கோர முடியாது என்பதால், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அதன் பொருள் கொலை என்று தெரிந்திருக்கிறது. இருந்தும் 'கொலை' என்று சொன்னால் வழக்குப்பதிவு, நீதிமன்றம், சாட்சியம் ஆகியவை நினைவுக்கு வரும், 'என்கவுன்ட்டர்' என்றால் வருவதில்லை. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய ஒவ்வொரு சாவிலும் முதல் தகவல் அறிக்கை, சுதந்திரமான புலனாய்வு, நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை ஆகியவை வேண்டும் என்று விதிமுறைகள் வகுத்தது, அந்தச் சொல் துடைத்துவிட்ட கேள்விகளை மீண்டும் எழுப்பும் முயற்சியே. உண்மையை அறிந்துகொண்டே சொல்லாமலிருக்க இடம் தருவது பூச்சுச்சொல்லின் இரண்டாவது வகை, அதைக் கேட்பவரை ஏமாற்றும் முதல் வகையைவிடக் கொடியது என்று கருதுகிறேன், ஏனெனில் அதில் நாமும் பங்காளிகள் ஆகிறோம்.

அடையாளம் காண்பது எப்படி

மென்மையான சொற்கள் எல்லாமே ஏமாற்று என்று எண்ணத் தொடங்குவதும் பிழைதான். 'மாற்றுத்திறனாளி', 'திருநங்கை' ஆகிய சொற்கள் முன்பிருந்த இழிசொற்களை விலக்கி வந்தவை. அவை எந்தச் செயலையும் மறைக்கவில்லை, எந்தக் குற்றவாளியையும் காக்கவில்லை. ஒரு மென்சொல்லால் ஆறுதல் பெறுபவர் பாதிக்கப்பட்டவரா, செய்தவரா என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இதற்கு எதிர்த்திசையில் ஓடும் சொற்களும் உண்டு. ருவாண்டாவில் கொலைகாரர்கள் நடத்திய வானொலி துட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்றது. மனிதரைப் பூச்சியாக்கும் வசையும் கொலையை நடவடிக்கையாக்கும் பூச்சும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவது அரிதன்று.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது வாக்கியத்தின் அமைப்பு. பள்ளியில் படித்த எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற மூன்றும் இங்கே மிகவும் உதவும். 'நடவடிக்கையின்போது எதிர்பாராத உயிரிழப்புகள் ஏற்பட்டன' என்பது ராணுவ அறிக்கைகளில் வழக்கமாக வரும் வாக்கிய வகை. இதில் யார் செய்தார் என்பது இல்லை, ஏனெனில் 'உயிரிழப்புகள்' என்பதே எழுவாய் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. யாருக்கு நேர்ந்தது என்பதும் இல்லை, இறந்தவர்கள் ஓர் எண்ணிக்கைப் பெயராகச் சுருங்கிவிட்டார்கள். 'ஏற்பட்டன' என்ற வினை மழையைப் போல, நிலநடுக்கத்தைப் போல, தானாக வந்தது என்கிறது. 'எதிர்பாராத' என்ற அடைமொழி, குண்டு வீசும் முன்னரே அங்கே ஆட்கள் இருந்தது தெரியுமா என்ற கேள்விக்கு விசாரணை ஏதுமின்றி விடை சொல்லிவிடுகிறது. இப்போது இழந்த உறுப்புகளைத் திரும்ப வைத்து எழுதிப்பாருங்கள்: 'விமானப்படை ஊரின்மேல் வீசிய குண்டுகள் அங்கு வாழ்ந்த பெண்களையும் குழந்தைகளையும் கொன்றன.' இரண்டாவது வாக்கியத்தை எழுதிய உடனே அடுத்த கேள்விகள் தாமாக வருகின்றன: எந்த ஊர், எத்தனை பேர், யார் உத்தரவிட்டது? முதல் வாக்கியம் அந்தக் கேள்விகள் எழாதவாறு அமைக்கப்பட்டது.

தமிழ்ச் செய்திகளில் இதற்குத் தனிக் கவனம் தேவை, ஏனெனில் உலகச் செய்திகளில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பாகவே நமக்கு வருகிறது. தாக்குதலில் பொதுமக்கள் இறப்பதைக் குறிக்க வல்லரசுகளின் ராணுவங்கள் பயன்படுத்தும் 'கொலேட்டரல் டேமேஜ்' என்ற ஆங்கிலத் தொடரைப் 'பக்கவிளைவுச் சேதம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கட்டடத்தையும் குழந்தையையும் ஒரே பெயரால் அழைத்த அந்த ராணுவத்தின் வேலையைத் தமிழிலும் நாமே செய்துகொடுக்கிறோம். அவசர வேலையில் இது நேர்ந்துவிடுகிறது என்பது உண்மைதான். அதைத் தவிர்க்கும் வழி கடினமானதன்று. சொல்லை அதை உருவாக்கியவரின் பெயரோடு சேர்த்து மேற்கோளில் தந்து, செயலைத் தன் வாக்கியத்தில் தன் சொல்லால் எழுதினால் போதும். 'சிறப்பு ராணுவ நடவடிக்கை என்று ரஷ்யா அழைக்கும் போர்', 'நலன்புரிக் கிராமங்கள் என்று இலங்கை அரசு பெயரிட்ட தடுப்பு முகாம்கள்' என்று எழுதும்போது வாசகருக்கு இரண்டும் கிடைக்கின்றன: அரசு என்ன சொன்னது என்ற தகவலும், அங்கே என்ன நடந்தது என்ற தகவலும்.